முதலை வராத படம்

சின்னப் பட முதலாளி என்று ஓர் இனம் உண்டு. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியாது. பேச விட வேண்டும். "படம் எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "போஸ்டர் ரெடி" என்று பதில் வரும். கதை? வரும். நடிகர்கள்? வருவார்கள். மற்றவர்கள் பிள்ளை பிறந்த பிறகு பெயர் வைக்கிறார்கள். இவரோ பெயரை வைத்து, அதை ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டி, தியேட்டரும் பேசி முடித்துவிட்டு, அப்புறம்தான் பிள்ளைக்கு ஏற்பாடு செய்கிறார்.

அப்படி ஒருவரிடம் நான் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். மூடிப்போன மீன் கிடங்கு ஒன்றை வாங்கி ஸ்டூடியோவாக்கியிருந்தார். சுவர் கனமானது, வெளியிலிருந்து சத்தம் உள்ளே வராது என்பது கணக்கு. மீன்வாடை கணக்கில் வரவில்லை. காதல் காட்சிகளில் எங்கள் கதாநாயகிகள் லேசாக முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதை நாணம் என்று ஒரு பத்திரிகை பாராட்டி எழுதியது.

மாடியில் குடித்தனம். அடுப்படிக்கும் தொலைபேசிக்கும் நடுவே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார் முதலாளியம்மா. எங்கள் விநியோகக் கம்பெனி என்பது அந்த நாற்காலிதான். கணவர் எடுத்த ஒரு படமும் அவருக்குப் பிடித்ததில்லை. ஆனால் அது எந்தத் தியேட்டர்காரருக்கும் தெரியாது. "அண்ணே, படம் எப்படின்னு கேக்காதீங்க. மழைக்காலம் வருது, ஜனங்க ஒதுங்க இடம் தேடுவாங்க. போட்டு வைங்க" என்பார். பேய்ப் படமாக ஓடாததைப் பெயர் மாற்றிச் சிரிப்புப் படமாக அனுப்புவார். ஓடும்.

முதலாளியம்மாவின் தம்பியை ஸ்டூடியோவில் எல்லோருமே மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் படங்களில் பிணம் என்றால் அவர்தான். அசைய மாட்டார், இரும மாட்டார், சொந்தக்காரர் என்பதால் வெளியே போய்க் குறை சொல்லவும் மாட்டார். சில சமயம் நிஜமாகவே தூங்கிவிடுவார்; அந்த டேக்தான் நன்றாக இருக்கும்.

ஒரு தடவை முதலைப் படம் எடுக்க முடிவாயிற்று. அதாவது, போஸ்டர் ஒட்டியாயிற்று. விளையாட்டுப் பூங்காக்களுக்குக் காற்றடைத்த பொம்மை செய்கிறவர் ஒருவர் ரப்பர் முதலை செய்துகொடுத்தார். ஏரியில் விட்டோம். அது மல்லாந்து, நாலு காலையும் மேலே நீட்டியபடி மிதந்தது. முதலாளி வெகுநேரம் பார்த்தார். "சாப்பிட்டு முடிச்ச முதலை மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சரிசெய்யத் திருப்பி அனுப்பினார்.

அது வரும்வரை சும்மா இருக்க முடியுமா? முதலை ஆளை முழுசாக விழுங்கிவிடுவதாகக் கதை இருந்ததால் பிணத்துக்கு வேலை இல்லை. அதனால் மச்சானுக்கு, மகளை முதலையிடம் பறிகொடுத்த அப்பன் வேஷம் கிடைத்தது. "வசனமெல்லாம் வேண்டாம். முதலை வந்ததும் அலறட்டும். அதுவரைக்கும் தண்ணியப் பாக்கட்டும்" என்றார் முதலாளி.

மச்சான் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார். மகளின் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கட் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. டீ கொண்டுவந்த முதலாளியம்மா, டீ ஆறுகிற வரை தட்டோடு நின்றார்.

தியேட்டருக்குச் சொன்ன தேதி நெருங்கியும் முதலை வரவில்லை.

"இல்லாமலே அனுப்பிடறேன்" என்றார் அம்மா.

"போஸ்டர்ல இருக்கே?"

"போஸ்டர்லயே இருக்கட்டும்."

முதல் காட்சி. விசில் இல்லை, கூச்சல் இல்லை. அனுபவசாலியான முதலாளி வெளிவாசலுக்குப் பக்கத்தில் ஓடுவதற்குத் தோதாக நின்றுகொண்டார். படம் முடிந்து ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்கள். ஓர் அம்மாள் மச்சானை அடையாளம் கண்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு கிடைச்சிட்டாளாப்பா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லம்மா" என்றார் மச்சான்.

படம் ஓடியது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பேசாமல் இருந்திருப்பீர்கள். ஆனால் இந்த இனத்துக்கென்று ஒரு மூலமந்திரம் உண்டு. செப்பனிட்ட முதலை வந்து இறங்கியதும் முதலாளி அதைத் தடவியபடியே அதைச் சொன்னார்: "இது இல்லாமலே இப்படி ஓடுதுன்னா, இது இருந்தா?"

அம்மா வெளியூர்த் தியேட்டர்காரர்களைப் பார்க்கப் போயிருந்த சமயம், ஏரியில் முதலையை எடுத்தார். அப்பன் தண்ணீரைப் பார்க்கிறான். முதலை எழுந்து வாயைத் திறக்கிறது. அடுத்த ஊருக்கு அந்தப் பிரதிதான் போயிற்று. விஷயம் தெரியாத மச்சான், முதல் தடவையாகப் பெண்டாட்டி பிள்ளைகளோடு தம் படத்தைப் பார்க்கப் போனார். தியேட்டரே சிரித்தது. பக்கத்து இருக்கையில் அவருடைய சின்னப் பெண்ணும் சிரித்தாள்.

மறுநாள் மச்சான் வரவில்லை. ஓர் இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

அம்மா சண்டை போடவில்லை. தொலைபேசி அடித்தது, எடுக்கவில்லை. முதலாளி காரணம் கேட்டபோது, "என்னங்க, அவன் செத்தவனா நடிச்சப்பல்லாம் நான் ஒரு வார்த்தை பேசல. உயிரோட நடிச்சது இது ஒண்ணுதான்" என்றார்.

முதலாளி இரும்புக் கடைக்குப் போனார். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு ஆணி கேட்டார். கூடப் போன நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டைட்டில்ல உன் பேரை முதல்ல போடறேன் மாப்ள."

"முதலை இருக்குமா அத்தான்?"

முதலாளி யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "ஓரமா... வாலு மட்டும்?"

மச்சான் ஆணியை நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.

அதன் பிறகு முதலாளி பிரதிகளை எல்லாம் வரவழைத்து, தானே உட்கார்ந்து முதலையை வெட்டி எடுத்தார். ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே போட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. முடிந்ததும் மறுபடி ஆணி வாங்கப் போனார்.

"எடுத்துட்டேன்."

"வாலு?"

"வாலும்."

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

படம் இன்றைக்கும் எங்காவது ஓடுகிறது. முன்பின் தெரியாதவர்கள் மச்சானைத் தெருவில் நிறுத்தி மகளைப் பற்றி விசாரிக்கிறார்கள். பேட்டிக்கு வருகிறவர்களிடம் முதலாளி, "முதலையைக் காட்டக்கூடாதுன்னு ஆரம்பத்துலேயே முடிவு பண்ணிட்டேன்" என்கிறார். டீ கொடுத்துக்கொண்டிருக்கும் அம்மா ஒன்றும் சொல்வதில்லை. அவர் விநியோகத்துறை.

எங்கள் முதலாளியைப் பார்த்துச் சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். எல்லாம் சரி, முடிவில் இன்னும் ஒரு திருப்பம் வைத்திருந்தால் இந்தக் கட்டுரை எங்கேயோ போயிருக்கும் என்று இப்போது உங்களுக்கு லேசாகத் தோன்றுகிறதா?

வாங்க முதலாளி. உட்காருங்க.