கடலுக்குப் போன மாப்பிள்ளை

வெளிநாட்டில் குடியிருக்க விண்ணப்பம் போட்டவனுக்கு எதிரிகளால் பெரிய ஆபத்து கிடையாது. எதிரிகளுக்கு வேறு வேலை இருக்கிறது. ஆபத்தெல்லாம் அவன்மேல் பாசம் வைத்தவர்களிடமிருந்துதான் வரும். ஒரு ஊரே வைத்த பாசத்தால் நாடு கடத்தப்படும் விளிம்புவரை போய்த் திரும்பியவன் என்பதால் இதை அடித்துச் சொல்வேன்.

நான் திண்டுக்கல்காரன். கத்தாரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கட்டடப் படம் வரைந்துகொண்டிருந்தேன். பக்கத்து மருந்துக்கடையில் வேலை பார்த்த சிபானாவிடம் ஒருநாள் தலைவலி மாத்திரை வாங்கினேன். பிறகு தலைவலி இல்லாமலும் வாங்கினேன். மாத்திரைகள் சேர்ந்து போனதைப் பார்த்து என் அறை நண்பன்தான் "பேசாம கல்யாணம் பண்ணிக்கடா, உடம்புக்கு நல்லது" என்றான்.

சிபானாவின் ஊர் அண்டை நாட்டின் கிழக்குக் கரையில், கல்முனைக்குப் பக்கத்தில் மருதமுனை. இந்தக் கரையோர ஊர்களில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். எங்கள் பக்கம் வீட்டோட மாப்பிள்ளை என்றால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இங்கே வேறு வகை மாப்பிள்ளையே கிடையாது. (மாமியின் கையால் மூன்று வேளை சாப்பிட்டுவிட்டு, அதைக் கடமை என்று சொல்லிக்கொள்ளும் வசதி உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?)

மாமி ஏற்றுக்கொண்டது போல அரசாங்கம் என்னை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இந்த நாட்டுப் பெண்ணைக் கட்டினாலும் வெளிநாட்டுக்காரன் வெளிநாட்டுக்காரன்தான்; வதிவிட விசா எடுக்க வேண்டும். கல்யாணம் உண்மையானதா, இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்களா என்று விசாரிக்க யாராவது நேரில் வரலாம் என்றார்கள். கையிலிருந்த தற்காலிக விசா முடியப்போகிறது. சிபானாவுக்கு ஆறு மாதம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் நான் திண்டுக்கல்லிலும் பிள்ளை மருதமுனையிலுமாகப் பிரிந்த கதையாகிவிடும். உள்ளுக்குள் உதறல்தான்.

பயத்தை வெளியே காட்டாமல் இருப்பவன் மனிதன். நானோ அதை ஹனீபா காக்காவின் தேத்தண்ணிக் கடையில் போய் விற்றேன். (எங்கள் ஊரில் காக்கா என்றால் கா கா என்று கத்துவது. இங்கே அண்ணன். இதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் வாரத்தில் நான் கூரையைப் பார்த்துச் சிரித்தது தனிக் கதை.)

"என்ன மருமகன், விசா கிடைச்சா?" என்று யாராவது கேட்டால், "இன்னும் இல்லைங்க" என்று நிறுத்தினால் போதும். எனக்கு அது போதாது. "எந்த நேரமும் வருவாங்க. கதவைத் தட்டுவாங்க. போட்டிருக்கிற சாரத்தோட தூக்கி பிளேன்ல போட்டுருவாங்க. பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூட விடமாட்டாங்க" என்று நான் சொல்லும்போது (சாரம் என்றால் எங்கள் ஊர்க் கைலி) கடையில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிடும். முடிதிருத்தும் சலீம் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். அந்த ரசிகர் கூட்டம் கிடைத்த மயக்கத்தில் நாளுக்கு நாள் சம்பவத்தை வளர்த்தேன். கடைசியாகச் சொன்ன வடிவத்தில் கைவிலங்கும் இருந்தது.

"நாங்க இரிக்கக்குள்ள ஆரு தூக்குவான்? வந்து பாக்கட்டும்" என்றார் ஹனீபா காக்கா.

அது வெறும் ஆறுதல் வார்த்தை என்று நினைத்துவிட்டேன்.

அந்த நாள் வந்தது. சிபானாவும் மாமியும் கிளினிக்குக்குப் போயிருந்தார்கள். மாமா நற்பிட்டிமுனைப் பக்கம் வயலுக்குப் போய்விட்டார். நான் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலுமாக மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதே நேரம், ஒரு நடுத்தர வயதுப் பெண் குடையும் கோப்புமாகச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மிகத் திருத்தமான தமிழில் ஹனீபா காக்காவிடம் கேட்டிருக்கிறார்:

"இந்தப் பகுதியில் இந்தியாவைச் சேர்ந்த ஒருவர் வசிக்கிறாரா?"

அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் வாயிலாகப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"இந்தியாக்காரரா? இந்த ஊருலயா? இல்லவே இல்ல மிஸ்" என்றார் ஹனீபா காக்கா. எதிரே இருந்த மீன்கடைக்காரர், "கேள்விப்பட்டதும் இல்ல" என்றார். அதோடு விட்டிருக்கலாம். சலீம் கடையைவிட்டு இறங்கி வந்து, "அவருக்கு நான் முடி வெட்டுறதே இல்ல மிஸ்" என்றார். "யாருக்கு?" என்று அந்தப் பெண் கேட்க, சலீம் திகைத்துப்போய், "அந்த இல்லாத ஆளுக்கு" என்றிருக்கிறார். யாரோ ஒரு நல்ல மனிதர் அதையும் தாண்டி, "அப்படி ஒராளும் இல்ல மிஸ். அவருக்கு இப்ப சுகமும் இல்ல" என்று முடித்துவைத்தார்.

இதற்கிடையில் ஹனீபா காக்கா அடுப்படிக்குப் போய், சிபானாவின் தம்பி றிஸ்வானுக்குப் போன் போட்டுவிட்டார். றிஸ்வான் மோட்டார் சைக்கிளில் வீட்டு முற்றத்துக்குள் பாய்ந்தான்.

"மச்சான், வந்திட்டாங்க! ஏறுங்க கெதியா!"

"யாரு வந்திட்டாங்க?"

"நீங்க சொன்ன ஆக்கள்தான்! சாரத்தோட தூக்குற ஆக்கள்!"

என் கதையை நம்பியவர்களிலேயே அதிகமாக நம்பியவன் நான்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. எதற்காக ஓட வேண்டும், நாமே கூப்பிட்ட அதிகாரிதானே, ஆவணமெல்லாம் சரியாக இருக்கிறதே என்று ஒரு கேள்விகூட மூளைக்குள் எழவில்லை. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அடையாளம் தெரியாமலிருக்க றிஸ்வான் ஒரு ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்தான். "போன வைச்சிட்டு வாங்க, இருக்கிற இடத்த கண்டுபிடிச்சிருவாங்க" என்றான். வைத்துவிட்டு வந்தேன்.

வண்டி பெரியநீலாவணைக் கடற்கரையில் போய் நின்றது. அங்கே றிஸ்வானின் கூட்டாளி தேவராசா அண்ணன், எஞ்சின் பூட்டிய தோணியைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அண்ணன், இவர கொஞ்ச நேரம் கடலுக்குள்ள வைச்சிரிங்க. மறுகா சொல்லுறன்" என்றான் றிஸ்வான், ஏதோ மீனை ஐஸ்பெட்டியில் வைக்கச் சொல்வது போல.

தேவராசா அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சாரம், பனியன், ஹெல்மெட், கையில் பாதி ரொட்டி.

"தம்பிக்குக் கடல் பழக்கமோ?"

"ஆமாங்க" என்றேன். (திண்டுக்கல்லில் நான் பார்த்த அதிகபட்சத் தண்ணீர், குடிநீர் லாரி.)

"அப்ப பயமில்ல. இண்டைக்குக் கடல் குளம் மாதிரி" என்றார்.

அந்தக் குளம் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளியதும் எழுந்து நின்றது. தோணி ஏறியது, நான் ஏறினேன். தோணி இறங்கியது, என் வயிறு மேலேயே தங்கிவிட்டது. ரொட்டி போயிற்று. சம்பல் போயிற்று. முந்தின நாள் பந்தாவாகச் சாப்பிட்ட புரியாணியும் விடைபெற்றது. முதல் தடவை ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துவிட்டேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் ஹெல்மெட்டின் சொந்தக்காரன் றிஸ்வான் சொல்லிவிடுவான்.

"தம்பி, காத்துக்கு எதிராத் திரும்பாதீங்க!" என்று அலறினார் தேவராசா அண்ணன். நான் திரும்பிவிட்டிருந்தேன். அவர் தோளில் கிடந்த துவாயைக் கழற்றிக் கடலில் அலசினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. வலையை இறக்கவும் வழியில்லாமல் ஒரு கையால் எஞ்சினையும் மறு கையால் என் பனியனையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கரைக்குப் போயிரலாம்ணே. ஜெயில்ல போட்டாலும் பரவாயில்ல. தரையில இருக்கிற ஜெயிலா இருந்தா போதும்ணே" என்றேன்.

கரையில் நிலைமை என்னைவிட மோசமாக இருந்தது. எல்லோரும் இல்லை என்று சொல்லக் கேட்டு ஓய்ந்துபோன அந்த அதிகாரி, பஸ்ஸுக்காகத் திரும்பி நடந்திருக்கிறார். அப்போது கிளினிக்கிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கிய சிபானாவைப் பார்த்து, கடைசி முயற்சியாக அவளிடமும் கேட்டிருக்கிறார்.

"ஓம் மிஸ், அவர் என்ட மாப்பிளதான்! வீட்டுலதான் இரிக்காரு, வாங்க" என்று சிபானா சந்தோஷமாக அழைத்துப் போனாள்.

வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மடிக்கணினி திறந்திருந்தது. என் போன் கிடந்தது. நான் இல்லை. மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு லாத்தா (இங்கே அக்கா) எட்டிப் பார்த்து, "அவர் ஓடிட்டாரு புள்ள! ஒண்டுக்கும் பயப்பிடாத, நல்லாத்தான் ஓடினாரு!" என்று ஆறுதல் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து றிஸ்வான் திரும்பி வந்தான். அக்காவுக்குப் பக்கத்தில் கோப்போடு நின்ற பெண்ணைக் கண்டதும் அவனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"மச்சான் எங்கடா?" என்றாள் சிபானா.

"மச்சான் இந்தியாவுக்குப் போயிட்டாரு."

"ரொட்டி திண்டுட்டு இருந்தவர் எப்படிடா இந்தியாவுக்குப் போவாரு? உண்மையச் சொல்லு!"

"கடலுக்குப் போயிட்டாரு" என்றான் றிஸ்வான், உண்மையை.

அதிகாரி மெதுவாகக் கேட்டார்: "கடல் வழியாக இந்தியாவுக்கா?"

கேட்டுவிட்டுக் கோப்பை மூடினாராம். மாமி கதிரையில் உட்கார்ந்து "அல்லாஹ்வே" என்றார். சிபானாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், அஞ்சு நிமிஷம் என்னோட கடற்கரைக்கு வாங்க. அவர் ஓடுற ஆளில்ல. மூளை இல்லாத ஆள், அவ்வளவுதான்" என்றாள். கல்யாணமானதிலிருந்து எனக்காக அவள் சொன்ன எத்தனையோ நல்ல வார்த்தைகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

தோணி கரை தட்டியபோது பாதி மருதமுனை மணலில் நின்றது. நான் இறங்கினேன், கால்கள் இறங்கவில்லை. நேராக அந்த அதிகாரியின் செருப்புக்கு முன்னால் போய் விழுந்தேன்.

"மேடம், நான்தான் மேடம். பாஸ்போர்ட் வீட்ல இருக்கு மேடம். கைவிலங்கு வேணாம் மேடம், நானே வந்துடுறேன்."

"என்ன கைவிலங்கு?" என்றார் அவர். பிறகு கூட்டத்தில் ஹனீபா காக்காவைக் கண்டுபிடித்தார். "ஐயா, இந்தியாக்காரர் எவரும் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படியானால் இவர் யார்?"

பொய் பிடிபட்ட இடத்தில் அவர் திணறுவார் என்று நினைத்தேன். ஹனீபா காக்கா என்னையும் என் மேலிருந்த மணலையும் ஒருமுறை பார்த்தார்.

"நீங்க இந்தியாக்காரரத்தானே மிஸ் கேட்டீங்க? இவர் எங்கட சிபானாட மாப்பிள."

அவர் அதை ஒரு தப்பித்தலாகச் சொல்லவில்லை. இதுகூடத் தெரியாதா என்ற குரலில் சொன்னார்.

அதிகாரி சிபானாவிடம் திரும்பினார். "இவர் உங்கள் கணவர்தானே?"

சிபானா என் தலைமயிரில் ஒட்டியிருந்த சம்பலைப் பார்த்தாள். "இண்டைக்கு மட்டும் இல்ல எண்டு சொல்லலாமா மிஸ்?" என்றாள்.

அதிகாரி குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார். குடை குலுங்கிற்று. அதற்குள் சிபானா ஆரம்பித்துவிட்டாள். கடற்கரையில் ஆரம்பித்த ஏச்சு வீட்டு வாசல்வரை ஒரே மூச்சில் வந்தது. மருந்துக்கடையில் நான் பொய்த் தலைவலி சொன்னது, மாமாவின் வரம்பில் வழுக்கி விழுந்து நாற்றை மிதித்தது, புரியாணியில் ஏலக்காயைக் கடித்துவிட்டு விஷம் என்று கத்தியது என்று எங்கள் தாம்பத்தியத்தின் முழு வரலாறும் அதில் இருந்தது. அதிகாரி பக்கத்திலேயே நடந்து கவனமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு, "நான் கேட்க வைத்திருந்த கேள்விகளில் மிச்சம் ஒன்றும் இல்லை" என்றார். அவர் எழுந்து போகும்போது சலீம் வாசலில் காத்திருந்து, "மிஸ், அவர்ட முடிய நான்தான் வெட்டுறன். வேணுமெண்டா பின்பக்கம் பாருங்க, என்ட வெட்டுத்தான்" என்று வாக்குமூலம் கொடுத்தார்.

விசா வந்தது. மகள் பிறந்தபோது காதில் பாங்கு சொன்னது நான்தான். தேவராசா அண்ணன் ஒரு பெரிய பாரை மீனோடு பிள்ளை பார்க்க வந்து, என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது வேலை நேரத்தில் காணாமல் போனால், அவர் கடலுக்குப் போய்விட்டார் என்றுதான் பேச்சு. தேங்காய் துருவச் சொல்லும்போது றிஸ்வான் கடலுக்குப் போவான். மின்சாரக் கட்டணம் பற்றிக் கதை வந்தால் மாமா கடலுக்குப் போவார். இதெல்லாம் வீட்டுக்குள் இருந்தவரை பிரச்சினை இல்லை. ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது திண்டுக்கல்லிலிருந்து என் அம்மா கூப்பிட, மாமி போனை எடுத்து, பழக்க தோஷத்தில், "மகன் கடலுக்குப் போயிட்டாரு" என்று சொல்லிவிட்டார்.

அம்மா முதலில் அழுதார். படிக்க வைத்த பிள்ளை கடல் தொழிலுக்குப் போகிறானே என்று. பிறகு அத்தா யோசித்து, கடலுக்குப் போகிறான் என்றால் சொந்தமாகப் படகு வாங்கியிருப்பான் என்று சமாதானம் சொல்லியிருக்கிறார். சொந்தக்காரர்கள் மத்தியில் அது இரண்டு படகாகி, இப்போது கப்பலில் வந்து நிற்கிறது. நான் மறுத்துப் பார்த்தேன். "நல்லா வர்ற நேரத்துல இல்லைன்னு சொல்லாதடா, கண்ணு பட்டுரும்னு பயப்படுறியா?" என்கிறார் அம்மா.

ஆகவே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் கல்முனைச் சந்தையில் ஒரு பெட்டி நிறைய நெத்தலிக் கருவாடு வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு கட்டுகிறேன். திண்டுக்கல்லில் ஒவ்வொரு வீடாகக் கொடுக்கும்போது, "உங்க படகுல பிடிச்சதா மாப்ள?" என்று கேட்கிறார்கள்.

சிபானா எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுகிறாள்: "ஓம், அவர் கையாலயே பிடிச்சது."