சுண்ணாம்பு மேஸ்திரி மாட்டாத ஹெட்டு

பல வருஷம் தயங்கிவிட்டு இதை எழுதுகிறேன். ஆவூர் மாதா கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனமாகச் சொல்லிவிட்டேன். புதுக்கோட்டைக் கடைத்தெருவில்தான் சொல்லவில்லை.

மோட்டார் ரிப்பேர் பார்த்த சுண்ணாம்பு மேஸ்திரியைப் போல இரும்பை நம்பி மனிதரை நம்பாதவர் எங்கள் பக்கத்தில் பிறக்கவில்லை. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துவிட்ட அமெரிக்கக் கார் ஒன்றை அப்போது நான் வாடகைக்கு ஓட்டினேன். எட்டு சிலிண்டர் எஞ்சின். இடம் நாலு, வலம் நாலு. பக்கத்துக்கு ஒரு மூடி, அதுதான் ஹெட்டு; மூடிக்கு அடியில் ஒழுகாமலிருக்க ஒரு துளைத் தகடு, அது கேஸ்கட்டு. பார்வைக்கு எல்லா ஹெட்டும் ஒன்று போலிருக்கும். எது எந்த எஞ்சினுக்கு என்பது மேஸ்திரிக்குத்தான் தெரியும்.

வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பை எடுத்து, ஹெட்டில் வார்த்திருக்கும் நம்பர் மேல் தடவுவார். எழுத்து வெள்ளையாக எழும். இரும்புக்கு ஆள்காட்டி விரல், வெற்றிலைக்கு நடுவிரல். விரல் மாறிய நாளில் கிரீஸ் தாம்பூலம்தான்.

"குடுமியான்மலைக் கல்வெட்டையும் இப்பிடியே படிச்சிருவீங்களா மேஸ்திரி?" என்று கேட்டால், "அதுக்கு கேஸ்கட்டு கெடையாதே" என்பார்.

நம்பர் சரியாக இருந்தாலும் விடமாட்டார். கேஸ்கட்டை மேலே பரப்பி, தண்ணீர் போகும் துளை ஒவ்வொன்றிலும் விரல் விட்டுப் பார்ப்பார். "அவசரம்ங்க" என்ற மிராசுதாரிடம், "அப்ப நடந்து போங்க" என்றவர்.

ஒரு தவக்காலத்தில் என் காரின் இரண்டு ஹெட்டும் விரிசல் விட்டன. வலப்பக்கத்துக்குத் தேடிப்பிடித்து மாட்டினார். இடப்பக்கத்துக்கு நான் கொண்டுபோனதைத் திருப்பித் தந்துவிட்டார்.

"இது வேற எஞ்சின் ஹெட்டு. போல்ட்டு ஏறும், தண்ணி ஏறாது. பொறுங்க."

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனுக்கு ஆவூர் போகும் சவாரி கைவிட்டுப் போய்விடுமே என்று, அவருக்குத் தெரியாமல் வேறோர் ஆளை வைத்து அதையே மாட்டிக்கொண்டேன். ஆவூர் வரைக்கும் ஓடவும் ஓடியது.

ஈஸ்டர் கழிந்த வாரம் மேஸ்திரிக்கு நெஞ்சுவலி. திருச்சி ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் ஏற்றினோம். கீரனூர் தாண்டியதும் ஆவி கிளம்பி வண்டி நின்றது. பின்சீட்டில் படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எடப்பக்கம் யாரு மாட்டினது?"

"வேற ஆள வச்சு நாந்தாங்க."

"தொளையப் பாத்தாரா?"

"இல்லைங்க."

அவர் திட்டவில்லை. "ரேடியேட்டர் மூடிய இப்பத் தெறக்காதீங்க. கை வெந்துரும்" என்றார்.

மாட்டுவண்டி பிடித்துப் போய்ச் சேருமுன் அவர் போய்விட்டார்.

"தான் மாட்டின ஹெட்டே அவரைக் கவுத்துருச்சு" என்று ஊரில் பேசினார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இதைப் படிப்பவர்கள் யாரிடமாவது சொன்னால், ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்லுங்கள்: அந்த இடது ஹெட்டை மேஸ்திரி மாட்டவில்லை. அவர் மாட்டிய வலது ஹெட்டு என் வீட்டில் இருக்கிறது. நம்பர் மேல் சுண்ணாம்பும் இருக்கிறது. நான் துடைப்பதில்லை.