முப்பது பேரும் நேரில் இருந்தார்கள்

எனக்குப் பேய் பயம் உண்டு. அரசு வேலையில் இருப்பவன் இதை வெளியே சொல்லக் கூடாதுதான். ஆனால் ஒரே பேயை ஒரே நாளில் மூன்று முறை பார்த்து, மூன்று முறையும் ‘ஆஜர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அரசு ஊழியன் அநேகமாக நான் ஒருவன்தான். அதனால் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் துறைக்கு ராயபுரம், காலடிப்பேட்டை, எண்ணூர் என மூன்று இடங்களில் கிடங்குகள். கூட்டிப் பெருக்கும் வேலையைத் தனியாருக்கு ஒப்பந்தம் விட்டிருந்தார்கள். கிடங்குக்குப் பத்துப் பேர் வேலை செய்ய வேண்டும். செய்கிறார்களா என்று திடீர் ஆய்வு செய்ய என்னை அனுப்பினார்கள். ‘திடீர் ஆய்வு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நடைபெறும்’ என்று ஒப்பந்ததாரருக்கு ஒரு வாரம் முன்பே கடிதமும் போயிருந்தது. (டைப் அடித்ததும் நான்தான். ஒரு பிழைகூட இல்லை என்று அன்று பெருமை வேறு.)

என் மனைவி கலாவுக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் குழந்தை. அவள் இருமினால்கூட நான் ஆட்டோ கூப்பிடுவேன். கிளம்பும்போது சொன்னாள்: “எண்ணூர்ல உச்சி வெயில்ல சுடுகாட்டு ரோடு பக்கம் போகாதீங்க. மாசமாவே செத்துப்போன பொண்ணு ஒருத்தி அங்க நிக்கிறாளாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க.”

சிரித்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு தாங்கியது.

ராயபுரத்தில் ஒப்பந்ததாரரின் மேஸ்திரி டில்லிபாபு தன் பைக்கோடு காத்திருந்தார். எங்கள் ஜீப் அதிகாரி வீட்டு வேலையாகப் போயிருந்ததால், யாரைச் சோதிக்க வந்தேனோ அவருடைய பைக்கில்தான் எனக்குப் பயணம். வரிசையாகப் பத்துப் பேர் நின்றார்கள். நீலச் சட்டை, தூசிக்காகத் தலையையும் வாயையும் சுற்றித் துணி. கண் மட்டும்தான் தெரிந்தது. நான் பதிவேட்டைப் பார்த்துப் பேரைப் படித்தேன். டிக் அடிப்பதற்கு முகம் தேவைப்படவில்லை.

“செல்வி!”

“கீறேன் சார்.”

குரல் தளர்ந்திருந்ததால் நிமிர்ந்தேன். நிறைமாத வயிறு. ஒரு காலில் நீலச் செருப்பு, மறு காலில் சிவப்பு. கலா நினைவு வந்தது. “உக்காந்துக்கோம்மா” என்றேன். அவள் உட்காரவில்லை.

“இன்னா சார், வெயில்ல வந்துகீற. ஒரு டீ அட்சிட்டுப் போலாம் வா” என்று டில்லிபாபு இழுத்துப் போனார். டீ முடிந்ததும் வடை. வடை முடிந்ததும் இன்னொரு டீ. என்ன உபசரிப்பு என்று உருகிப்போனேன்.

காலடிப்பேட்டையில் பச்சைச் சட்டை, பத்துப் பேர்.

“மேரி!”

“கீறேன் சார்.”

அதே குரல். அதே வயிறு. என் கையில் பேனா நின்றுவிட்டது. “நீ ராயபுரத்துல இருந்தல்ல?”

அவள் டில்லிபாபுவைப் பார்த்தாள்.

“சார், ராயபுரம் எங்க கீது, காலடிப்பேட்டை எங்க கீது! காலைல நாஷ்டா துன்னியா இல்லியா? வா, ஒரு சோடா குடி, தெளிஞ்சிடும்.”

குடித்தேன். தெளியவில்லை. இப்போது இதைப் படிக்கும் எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. ஒப்பந்ததாரர் ஏமாற்றுகிறார் என்பதைவிட, செத்தவள் ஒருத்தி என்னைத் தொடர்கிறாள் என்பதே என் மூளைக்குச் சுலபமாக இருந்தது.

எண்ணூர் போய்ச் சேரும்போது உச்சி வெயில். அனல்மின் நிலையப் புகைபோக்கியிலிருந்து சாம்பல் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. முள்மரங்கள் எல்லாம் வெளுத்திருந்தன. காக்கைகூட இல்லை. என் நிழல் என் காலடியில் சுருண்டு கிடந்தது. கிடங்கு வாசலில் ஆரஞ்சுச் சட்டைகள் அசையாமல் நின்றன.

டில்லிபாபு பைக்கை நிறுத்தப் போயிருந்தார். நான் கடைசிப் பேரைப் படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“தனலட்சுமி…”

வரிசையிலிருந்து ஒருத்தி மெதுவாக என்னை நோக்கி நடந்து வந்தாள். பேய்க்குக் கால் கிடையாது என்று கேள்விப்பட்டிருந்ததால் குனிந்து பார்த்தேன். கால் இருந்தது. ஒன்றில் நீலம், ஒன்றில் சிவப்பு.

அவள் வாய்த்துணியை இறக்கினாள். முகமெல்லாம் சாம்பல்.

“இதுல எதுவும் என் பேரு இல்ல சார். என் பேர எழுது. பேரு இருந்தாத்தான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி அட்டை தருவாங்கோ. என் பேரு—”

மிச்சத்தைக் கேட்க நான் அங்கே இல்லை. பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். சாம்பலில் ஒரு செருப்பு புதைந்துபோனது. பைக்கை அடைந்ததும் டில்லிபாபு பெட்ரோல் டாங்க் மேல் காகிதத்தை விரித்தார். ‘முப்பது பேரும் நேரில் இருந்தார்கள்’ என்று எழுதி, அங்கேயே கையெழுத்துப் போட்டேன். அவர் கேட்டிருந்தால் அறுபது என்றுகூட எழுதியிருப்பேன்.

திரும்பும் வழியில் ஒரு டெம்போ எங்களை முந்தியது. பின்னால் பத்துப் பேர். அவர்கள் மடியில் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று சட்டைக் குவியல். ஓரத்தில் அவள். கையை நீட்டிக் கத்தினாள்:

“சார்! உன் செருப்பு!”

“அந்தப் பக்கம் பாக்காத சார்” என்றார் டில்லிபாபு.

அப்போதுதான் புரிந்தது. நான் டீ குடித்த நேரமெல்லாம் டெம்போ ஓடிய நேரம். ஆனால் கையெழுத்து டில்லிபாபுவின் சட்டைப் பையில் இருந்தது. பொய்ச் சான்று கொடுத்தேன் என்று நானே எழுதினால் வேலை போகும். கலாவுக்கு ஏழாம் மாதம். ஒன்பது நாள் அப்படியே கழிந்தது. பத்தாம் நாள் உண்மையை ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு, விளக்கம் கேட்டு மெமோ வரும் முன்பே காலடிப்பேட்டைக்கு ஓடினேன். இந்த முறை கடிதம் அனுப்பவில்லை. வாசலில் மூன்றே பேர் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

“அந்த மாசமா இருந்த பொண்ணு எங்கம்மா?”

துடைப்பத்தை நிறுத்தாமலே ஒருத்தி சொன்னாள்: “உன்னான்ட பேசினான்னு அன்னிக்கே தொரத்திட்டாங்கோ சார்.”

“அவ பேர் என்ன?”

“தெர்ல சார். புதுசா வந்தவ. நாங்க செல்வின்னு கூப்டுவோம். உன் புக்குல கீற பேருதான்.”

பிரசவ ஆஸ்பத்திரிகளில் விசாரித்தேன். பேர் கேட்டார்கள். செருப்பின் நிறத்தைச் சொன்னேன். நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இரண்டு மாதம் கழித்து எங்களுக்கு மகள் பிறந்தாள். அன்றிலிருந்து எங்கே போனாலும் ஆட்களை எண்ணுவேன். முகத்தைப் பார்த்து எண்ணுவேன். கல்யாண வேனில் நான் ஏறினாலே சொந்தக்காரர்கள் மூக்கு வரை துண்டைச் சுற்றிக்கொண்டு, “கீறேன் சார்! கீறேன் சார்!” என்று கத்துவார்கள். மச்சினன் மட்டும் மூன்று சீட்டில் மாறி மாறி உட்கார்ந்து மூன்று தடவை கத்துவான்.

மகள் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறாள். நான் போன் செய்தால் ஹலோ சொல்வதில்லை.

“கீறேன் சார்!”

பக்கத்தில் கலா சிரிப்பாள்.

“பேரைச் சொல்லு” என்பேன்.

“அப்பா, நீங்க வச்ச பேருதானே!”

“பரவாயில்ல. சொல்லும்மா.”

சொல்வாள். கடைசி எழுத்து வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பேன்.