குறை சொல்ல ஒன்றுமில்லை

அன்று காலை காபி மேக்கர் வழக்கத்தைவிட மெதுவாகச் சொட்டியது. அவ்வளவுதான் விஷயம். வேறு யாராக இருந்தாலும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்து, குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். சர்வேயர் அப்படி விடுகிற ஆள் இல்லை.

அவர் நிலம் அளக்கிற சர்வேயர் அல்ல. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதம் மதிப்பிடுகிறவர். இடிபட்ட கார், எரிந்த குடோன், தண்ணீர் புகுந்த கடை என்று எங்கே என்ன நடந்தாலும் கையில் டார்ச்சோடு போய் நிற்பார். இந்த நசுங்கல் நேற்று விழுந்ததா, போன வருஷமே இருந்ததா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அந்தப் பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. பெருமைதான் பட்டார்.

தொழில் அலுவலகத்தோடு நிற்கவில்லை, வீட்டுக்கும் கூடவே வந்தது. ஜன்னல் ஒரு நூல் சாய்வு. சமையலில் உப்பு ஒரு கல் தூக்கல். மகள் பள்ளியில் பரிசு வாங்கிக்கொண்டு ஓடி வந்தால், கோப்பையைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் பூச்சு சரியில்லை என்பார். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் வெளிச்சம் தவறிய படங்களில்தான் விரலை வைப்பார். மனைவி எல்லாவற்றையும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

இந்த மனிதர் ஒரே ஒரு பொருளிடம்தான் தோற்றுப்போனார். அவர்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று மனைவியின் அண்ணன் பரிசாகக் கொண்டுவந்த காபி மேக்கர் அது. வெள்ளை பிளாஸ்டிக். மேலே தண்ணீர், நடுவில் வடிதாளும் காபிப்பொடியும், கீழே சூடுதட்டின் மேல் கண்ணாடிக் குடுவை. ஒரே ஒரு சுவிட்ச். முதல் கோப்பையைக் குடித்துவிட்டு அவர் வழக்கம்போல் குறை தேடினார். நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

"குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்றார்.

மனைவி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல் அவள் காதில் விழுவது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு தினமும் காலையில் அந்தச் சொல் கேட்டது. மகள் வளர்ந்தாள், கல்யாணமாகிப் போனாள். மச்சான் மாரடைப்பில் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார். சர்வேயருக்குத் தலை நரைத்தது, மூட்டு வலித்தது, பல்லில் இரண்டு மாற்றுப்பல் ஆயிற்று. மிஷின் மட்டும் வந்த அன்று எப்படிச் சொட்டியதோ அப்படியே சொட்டியது. அலுவலகத்தில் யாராவது புதிதாக வாங்கிய பொருள் பழுதாகிவிட்டதென்று புலம்பினால் இவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். எங்க வீட்டில் ஒரு காபி மேக்கர் இருக்கிறது, இத்தனை வருஷத்தில் ஒரு ஸ்க்ரூ மாற்றியதில்லை என்று ஆரம்பிப்பார். கேட்டவர்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோவார்கள்.

மனைவி தினமும் அதை ஈரத் துணியால் துடைத்து வைப்பாள். அண்ணன் நினைவு என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். அண்ணன் கொடுத்ததில் வீட்டில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

இப்போது அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். பேரக்குழந்தையைப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலம் திரும்பி வருகிறாள். அதற்குள் மிஷினைப் புத்தம்புதிது போலச் சொட்ட வைத்துவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். உப்புத் தண்ணீரால் குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கும், வினிகர் ஊற்றினால் கரையும் என்று எங்கேயோ கேட்டிருந்தார். ஒன்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார். அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காமல் முழுப் பாட்டிலையும் கவிழ்த்து சுவிட்சைப் போட்டார்.

மிஷின் ஒரு முறை செருமியது. சுண்ணாம்பு கரையவில்லை. பாளம் பாளமாகப் பெயர்ந்து குழாயின் வாயில் போய் உட்கார்ந்துகொண்டது. மெதுவாகச் சொட்டிய மிஷின் இப்போது சொட்டவே இல்லை.

அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து, தேன் பாட்டிலைத் தட்டுவதுபோல முதுகில் தட்டினார். உள்ளே மிச்சமிருந்த வினிகர் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போயிற்று. சுவிட்சின் சிவப்பு விளக்கு மங்கி, அணைந்தது.

அடித்தட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு ரப்பர் குழாய் இருந்தது. அதை இழுத்தபோது அதைப் பிடித்திருந்த கிளிப் தெறித்து ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. அடைப்பு குழாயில்தான் என்று கண்டுபிடித்ததில் அவருக்கு ஒரு திருப்தி. துணி மாட்டும் ஹேங்கரை நிமிர்த்தி அந்தக் கம்பியை உள்ளே விட்டுக் குத்தினார். அடைப்பு நீங்கியது. கம்பி மறுபக்கமாக வெளியே வந்திருந்தது, குழாயின் முனை வழியாக அல்ல, நடுவயிற்றின் வழியாக.

கிழிந்த இடத்தில் டேப்பைச் சுற்றினார். எல்லாவற்றையும் மறுபடி பூட்டினார். கையில் ஒரு ஸ்க்ரூ மிச்சமிருந்தது. தேவையில்லாத ஸ்க்ரூவாக இருக்கும் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பிளக்கைச் செருகினார்.

'டப்' என்றது. வீடு முழுக்க மின்சாரம் போயிற்று. அந்தச் சமையலறை ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான்; பட்டப்பகலிலும் விளக்கில்லாமல் ஒன்றும் தெரியாது. அவர் பயந்து ஓரடி பின்வாங்கினார். பத்திரமாக இருக்கட்டும் என்று குடுவையைத் தரையில் வைத்திருந்தது அவர் கால் பட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மனைவிதான். ரயில் ஏறிவிட்டாளாம். குழந்தைக்கு அப்படியே அவர் மூக்காம்.

"காபி குடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"ம், குடிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

அவர் முறத்தில் கிடந்த குடுவையைப் பார்த்தார். "குறை சொல்ல ஒண்ணுமில்ல."

ரயில் சத்தத்துக்கு மேல் அவள் குரலை உயர்த்தினாள். "மிஷின் நல்லாத்தானே ஓடுது? சத்தம் கித்தம் ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

அந்தக் குரலில் கவலை இருந்தது. அண்ணன் மேல் எவ்வளவு பாசம் இருந்தால் ரயிலில் உட்கார்ந்துகொண்டு மிஷினை விசாரிப்பாள். நன்றாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். முறத்திலிருந்ததைக் குப்பைத்தொட்டியில் கொட்டினார். அந்த மிஷினிடம் தினமும் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவளிடம் ஒரு நாளாவது சொல்லியிருக்கிறோமா என்று யோசித்தார். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டு, கடைத்தெருவிலிருந்த மின்சாதனக் கடைக்கு போன் செய்தார். நல்ல வேளையாக அந்தக் கம்பெனி காலம் காலமாக அதே அச்சில் அதே மிஷினைத்தான் வார்த்துக்கொண்டிருந்தது. உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார். முகவரியைப் பாதி சொல்லும்போதே சரி சரி என்று வைத்துவிட்டார்கள். முழுசாகக் கேட்கப் பொறுமையில்லாத கடை என்று அந்த அவசரத்திலும் ஒரு குறையைக் குறித்துக்கொண்டார்.

கடையின் வண்டிக்காரர் பெட்டியோடு வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. ஒல்லியான ஆள். இடுப்பில் சாவிக்கொத்து. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேரே சமையலறைக்குப் போனவர், கதவு மறைவிலிருந்த சுவிட்சைத் தட்டி விளக்கைப் போட்டார். புது மிஷினைப் பிரித்து வைத்துச் சொட்ட வைத்துக் காட்டினார். பழையதை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டார்.

"கொஞ்சம் இருங்க. இதப் பாத்துத்தான் அத செய்யணும்" என்றார் சர்வேயர்.

எதைச் செய்ய வேண்டும் என்று வண்டிக்காரர் கேட்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புது மிஷினில் இறங்கிய காபியை அவருக்கே ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, சர்வேயர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று பால் வெள்ளை. மற்றது பல் மஞ்சள். இந்த வித்தியாசம் அவள் கண்ணில் படாமல் போகாது. நல்ல வேளை, பழையது புதியது பார்ப்பதே தன் தொழில் என்று அவர் தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டார்.

டார்ச்சை எடுத்துப் பழைய மிஷினை மதிப்பிட ஆரம்பித்தார். ஆள் கிடைத்ததால் விளக்கவும் ஆரம்பித்தார். மூடியின் ஓரத்தில் ஒரு சிறு உருகல். மச்சான் சிரித்துப் பேசிக்கொண்டே சூடான கரண்டியை வைத்ததில் வந்தது. முன்பக்கம் சாய்வாக ஒரு கீறல். மகள் சின்ன வயசில் காம்பஸ் முனையால் இழுத்தது. அன்றைக்கு அவளைத் திட்டிய திட்டு இன்னும் நினைவிருக்கிறது.

"இந்தக் கீறல நல்லாப் பாருங்க. நடுவுல கறுத்திருக்கு, ஓரம் மழுங்கியிருக்கு. இத யாரும் உக்காந்து செஞ்சு வெக்க முடியாது. காலம் போட்டது. என் சர்வீஸுல எத்தனை பாத்திருக்கேன்."

வண்டிக்காரருக்குக் காபி புரையேறியது.

முதலில் உப்புத்தாளால் புது மிஷினின் மூடியைத் தேய்த்தார். வெள்ளை மஞ்சளாகவில்லை, சொரசொரவென்று இன்னும் வெள்ளையானது. காபிப்பொடியைக் குழைத்துப் பூசினார். தேய்த்த இடத்தில் மட்டும் கறை பிடித்து, மிஷினுக்குத் தேமல் வந்ததுபோல ஆயிற்று. அதைச் சுரண்டினார், பட்டை பட்டையாக வந்தது. பிறகு கரண்டியை அடுப்பில் காய்ச்சி மூடி ஓரத்தில் வைத்தார். மச்சான் வைத்தது ஒரு நொடி. இவர் மச்சானை நினைத்துக்கொண்டே வைத்திருந்துவிட்டார். எடுத்தபோது ஆடு கடித்த இலைபோல ஓரம் போயிருந்தது. அறை முழுக்கப் பிளாஸ்டிக் கருகிய வாடை.

வண்டிக்காரர் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"எதுக்கு சார் இவ்வளவு சிரமம்? ஒடஞ்சு போச்சுன்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்று கடைசியில் கேட்டார்.

சர்வேயர் கரண்டியைக் கீழே வைத்தார். நெற்றி வேர்வையைத் துடைத்ததில் நெற்றியிலும் காபிக் கறை அப்பிக்கொண்டது.

"அவ அண்ணன் குடுத்ததுங்க. அவர் போனதுக்கப்புறம் அவளுக்குன்னு மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான். தெனமும் தொட்டுத் தொடைப்பா. நான் வாயத் தொறந்தா குறைதான் வரும், அதோட எப்படியோ இத்தனை வருஷம் ஓட்டிட்டா. அவகிட்ட இருந்த ஒரு பொருளையும் நானே ஒடச்சுட்டேன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"

வண்டிக்காரர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் காபி தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். யாருக்கோ கொடுத்த வாக்கை மனசுக்குள் புரட்டிப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

சர்வேயர் மகளுடைய பழைய மேசையைத் துழாவி ஒரு காம்பஸைக் கொண்டுவந்தார். இது ஒன்றாவது சரியாக வந்தால் போதும், மற்றதற்கெல்லாம் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு புது மிஷினின் முன்பக்கம் முனையை வைத்தார். பழைய மிஷினை ஒரு கண்ணாலும் இதை ஒரு கண்ணாலும் பார்த்து அளவெடுத்தார். கீறல் நேராகப் போவதற்குப் பதிலாக வளைந்து நெளிந்து மண்புழு போன தடம் மாதிரி இறங்கியது. அதைச் சரிசெய்ய மறுபடி முனையை வைத்தார்.

கீழே தெருவில் ஆட்டோ வந்து நின்றது. மனைவியின் குரல் கேட்டது. பெட்டியை மெதுவாக இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் பதறிப்போய் இன்னும் வேகமாகக் கீற ஆரம்பித்தார். வண்டிக்காரர் எழுந்து வந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்தக் காம்பஸை மெல்ல வாங்கி மேசைமேல் வைத்தார்.

"நீங்க விட்டுடுங்க சார், அம்மா வரட்டும், போன மூணு மிஷினுக்கும் கீறல் போட்டது அவங்கதான்."