யாருடைய புழு

“அது என்ட புழு இல்ல, ஹாஜியார்.”

காத்தான்குடியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் நௌஷாட் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மகனின் வலீமா கலியாண விருந்துக்கு ஓடர் கொடுக்குமுன் புரியாணியை ருசி பார்க்க வந்த அஹமட் ஹாஜியார், பீங்கானில் வெள்ளை நூல்போல ஒன்றைக் கண்டு பாதியில் எழுந்துவிட்டார்.

“புழு புடிச்ச இறைச்சியையா சம்பந்தக்காரருக்குக் குடுக்கச் சொல்றாய்?”

“என்ட இறைச்சியில புழுவா? இரிங்க, நிரூபிச்சுக் காட்டுறன்.”

சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். “றபீக்கா றாத்தா, ஹாஜியார்ட பீங்கானில கிடந்தத ஒரு போத்தல்ல போட்டுத் தாங்க.”

பாத்திரம் கழுவும் றபீக்கா போத்தலைக் கொண்டுவந்து நீட்டினார்.

பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கும் நௌஷாட்டின் மருமகள் நஸ்ஹா, அதை நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தாள்.

“மாமா, இது இறைச்சிப் புழு இல்ல. வீட்டுப் பல்லிட குடல்ல இரிக்கிற உருளைப்புழு. எச்சத்தோட வெளிய வாறது.”

நௌஷாட்டுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஹாஜியாரை மறுபடி கூட்டிவந்து, தேத்தண்ணி கொடுத்து, கடையிலிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

“இறைச்சி சுத்தம். அது பல்லிட வயித்துப் புழு.”

பக்கத்து மேசைகளில் பிசைந்த கைகள் நின்றன.

“அப்ப பல்லி சோத்துக்குள்ள விழுந்ததா?” என்றார் ஹாஜியார்.

“சீச்சீ, விழல்ல. மேல இருந்து பீச்சினது மட்டும்தான்.”

மேசைகள் காலியாகின.

உண்மையைச் சொல்லச் சொல்லப் பழி கூடியதில் நௌஷாட்டுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கேயோ தொங்குகிற பல்லி பேதியானால் தண்டனை தனக்கா? கடை கூட்டுகிற தும்புத்தடியோடு கதிரையில் ஏறி, கூரையடியில் இருந்த பல்லியை ஓங்கி அடித்தார். பல்லி தப்பியது. வால் மட்டும் கழன்று ஹாஜியாரின் தேத்தண்ணிக்குள் விழுந்து துடித்தது.

ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். “எதிர்க்கடையில ஓடரச் சொல்லிர்றன், தம்பி.”

ஆளில்லாத கடையில் நௌஷாட் பொருமினார். “கம்பஸ்ல படிப்பிக்கிற மருமகளே சொல்லிட்டா, அது என்ட இறைச்சிப் புழு இல்லண்டு. இந்த ஊர்ல உண்மைக்கு ஒரு மதிப்பும் இல்ல, றாத்தா.”

மேசை துடைத்துக்கொண்டிருந்த றபீக்கா நிமிராமலே சொன்னார்: “ஹாஜியார்ட பீங்கானில கிடந்தது இஞ்சி நார், தம்பி; அத நான் அப்பவே கழுவி ஊத்திட்டன், நீங்க ஏசுவீங்கண்டு சுவரெல்லாம் தேடி, பல்லிப்பீயில இருந்துதான் ஒண்ட எடுத்துத் தந்தன்.”