அதிகாரி இறங்கிய மேடு

"இப்படிப் பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி நின்னா எவன் பஸ் விடுவான்?" சலூன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

மேட்டுக் காலனிக்குப் பஸ் கேட்டு மனுப் போட்டவர் அவர்தான். மனைவிக்கு எட்டாம் மாதம். ஆஸ்பத்திரிக்கு மேடு இறங்கிப் போய், மறுபடி ஏறி வர வேண்டும். நடுவழியில் வலி வந்தால்? அந்த யோசனையில் போன வாரம் ஒருவரின் பாதி மீசையை எடுத்துவிட்டார்.

இன்று போக்குவரத்து அதிகாரி நேரில் பார்க்க வந்திருந்தார். கூட்டம் தெரியட்டுமே என்று எல்லாரையும் முச்சந்திக்கு வரச் சொல்லியிருந்தார் சலூன்காரர். அதிகாரி வருகிறாராம் என்று அவர்கள் பெட்டியில் இருந்த பட்டுப் புடவை, பட்டு வேட்டியெல்லாம் உடுத்தி வந்துவிட்டார்கள்.

"வசதியான ஏரியாவா இருக்கே," என்றார் அதிகாரி.

"போய்ப் பழசை மாத்திட்டு வாங்க," என்று எல்லாரையும் விரட்டினார் சலூன்காரர். போனவர்கள் திரும்பவில்லை. ஒருத்தி உலை வைத்துவிட்டாள். ஒருவர் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி சுற்றிப் பார்த்தார். "ஆளே இல்லையே. யாரை ஏத்துறதுக்குப் பஸ்?"

சலூன்காரர் போனை எடுத்தார். "எதுலயாவது தொத்திக்கிட்டு உடனே வாங்க."

வந்தார்கள். வேலைக்குக் கிளம்பிய பையன்களின் பைக்குகளில், மூன்று மூன்று பேராக. இறக்கிவிட்டுப் பைக்குகள் சர்ரென்று கீழே பறந்தன.

"வீட்டுக்கு வீடு பைக்," என்ற அதிகாரி கோப்பில் 'தேவையில்லை' என்று எழுதினார்.

"சார், அது வந்து..."

"எனக்கும் கண்ணு இருக்குய்யா."

அதிகாரியின் கார் டிரைவர் ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "இன்னும் கிளம்பலையா? சரி, வை." விளக்கெண்ணெய் குடித்த முகம்.

அதிகாரி ஏறி உட்கார்ந்தார். வண்டி இருமியது, கிளம்பவில்லை. டிரைவர் முன்மூடியைத் திறந்து எதையோ தட்டினார். "நேரமாகும் சார்."

"ஆட்டோ?"

"மேல வராது சார்," என்றார் சலூன்காரர். அதைச் சொல்லும்போதுகூடக் குரல் செத்திருந்தது.

அப்போதுதான் அவர் மனைவி பையும் குடையுமாக வந்தாள். இன்று பரிசோதனை நாள். "வாங்க சார், பேசிக்கிட்டே இறங்கலாம்."

முதல் வளைவில் அதிகாரியின் பளபளப்பான செருப்பு சரளையில் வழுக்கியது. அடுத்த வளைவில் கோப்பு சலூன்காரர் கைக்கு மாறியது. அதற்கடுத்து ஒரு கல்லைப் பார்த்ததும் உட்கார்ந்தேவிட்டார்.

அவள் குடையை அவர் பக்கம் சாய்த்தாள். "மெதுவா வாங்க சார். முதல் தடவை எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"இன்னும் எவ்வளவு தூரம்மா?"

"இறங்குறது சுலபம் சார். சாயங்காலம் ஏறணும் பாருங்க, அதுதான்."

அதிகாரி அவள் வயிற்றைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். தன் முழங்காலைத் தடவினார். கோப்பை வாங்கி, எழுதியதை அடித்துவிட்டு, 'மிக அவசரம்' என்று எழுதினார்.

"அடுத்த வாரமே பஸ் வரும்," என்று சொல்லி, கீழே கிடைத்த ஆட்டோவில் விழுந்தார்.

ஆட்டோ தெருமுனை திரும்பியதும் மேலேயிருந்து அதே கார் பூனை மாதிரி சத்தமில்லாமல் வந்து நின்றது.

"ஏறுங்கண்ணே, ஆஸ்பத்திரியில விடுறேன்," என்றார் டிரைவர். முகத்தில் விளக்கெண்ணெய் இல்லை.

"ரிப்பேர் அதுக்குள்ள சரியாயிடுச்சா?"

"ரிப்பேர் வண்டிக்கு இல்லண்ணே. எங்க மாமியார் உங்க காலனிதான். பஸ் விட்டாத்தான் திரும்பிப் போவேன்னு நாலு மாசமா எங்க வீட்டுலயே உட்கார்ந்திருக்காங்க."