பச்சையாய் மினுங்கிய ஜாம்

சாப்பிட்ட பிறகு சந்தேகப்படுவது மனித இயல்பு. தட்டு வருவதற்கு முன்பே சந்தேகப்படும் ஓர் இனம் இருக்கிறது, வாசகரே! அதன் தலைமகன்தான் நம் சொட்டுக்காரர்.

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பண்டம் கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனத்தைக் கண்டால் ஒளிரும் திரவம் ஒன்றைச் சகாக்களோடு சேர்ந்து உருவாக்கியிருந்தார். ஒரு சொட்டு விட்டு ஊதா டார்ச்சை அடித்தால், கலப்பு பச்சையாக மினுங்கும். நல்ல காரியம்தான். அதை ஆய்வுக்கூடத்தோடு விட்டாரா? பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் கேக், கேன்டீன் ரொட்டி, ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாமனாரின் பழச்சாறு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. "ஒரே ஒரு சொட்டு!" என்பார். வீடே பசியோடு காத்திருக்கும்.

மைத்துனி வேலையை விட்டுவிட்டு ஜாம் கடை திறந்தாள். "ரசாயனம் துளியும் இல்லை" என்று வாசலில் கொட்டை எழுத்துப் பலகை. திறப்பு நாளன்று கடை கொள்ளாத கூட்டம்.

"மாமா, இன்னிக்கு மட்டும் வேண்டாமே!"

"பயப்படாதேம்மா. எல்லார் முன்னாடியும் நானே சர்டிஃபிகேட் குடுத்துடறேன்."

ஷட்டரை இறக்கச் சொன்னார், விளக்கை அணைத்தார், க்ரீம் பூசிப் படிய வாரிய தலையை ஒருமுறை கோதிக்கொண்டார், விரலால் ஜாமை வழித்துத் தாளில் தடவினார், சொட்டு விட்டார், டார்ச்சை அடித்தார்.

பச்சை!

வாங்கிய பாட்டில்களெல்லாம் மேசைக்குத் திரும்பின. மைத்துனிக்குக் கண் கலங்கிவிட்டது. கண்டுபிடித்துவிட்ட பெருமையோ சொட்டுக்காரரின் மீசையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அவர் மனைவி சொட்டுக் குப்பியையும் டார்ச்சையும் பிடுங்கினாள். அதே ஜாமைச் சுத்தமான கரண்டியால் எடுத்து வேறு தாளில் வைத்துச் சொட்டு விட்டு, டார்ச்சை அடித்தாள். கும்மிருட்டு!

"விரலைத் தொடச்சுட்டு நீட்டுங்க."

அதிலும் ஒரு சொட்டு. விரல் மினுங்கியது.

"குனிங்க."

உச்சந்தலையில் ஒரு சொட்டு. தலை பச்சைப் பசேலென்று ஜொலித்தது!

"ஜாம்ல ஒண்ணும் இல்லைங்க, எல்லாம் இவர் தலைக்குப் பூசற க்ரீம்ல. கெடாம இருக்கறது எங்க வீட்டுக்காரர் தலைதான்!"

கடை குலுங்கிச் சிரித்தது. ஒரு மணி நேரத்தில் அலமாரி காலி. முதலில் முறைத்த சொட்டுக்காரர், பிறகு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். கடைசிப் பாட்டிலை அவரே வாங்கி, அங்கேயே நின்று நக்கித் தின்றார். சோதிக்காமல்!

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் விருந்துக்குப் போன வீட்டில் தட்டை மூக்கருகே கொண்டுபோய், "இது எப்போ செஞ்சது?" என்று பிரியமாக விசாரித்தது யாராம்? உங்களிடம் குப்பி இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் பிழைத்தார்கள்.